மங்கரேவாக்காரர்கள் எண்ணிய விதம்

மங்கரேவா தீவின் பழைய எண்முறையில் 'தக்காவு' என்றால் எவ்வளவு? எதை எண்ணுகிறோம் என்று சொன்னால்தான் பதில் கிடைக்கும். ஒன்றொன்றாக எண்ணும் பொருளானால் தக்காவு 10. இரண்டிரண்டாக எண்ணும் கரும்பானால் 20. நான்கு நான்காக எண்ணும் பழுத்த சீமைப்பலாவானால் 40. அதே சீமைப்பலா பருவத்தின் முதல் காய்ப்பாக வந்திருந்தால் எட்டெட்டாக எண்ண வேண்டும். அப்போது தக்காவு 80.

முதல் தடவை கேட்கிறவருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். எண் என்றால் எண்தானே, அது பொருளுக்குப் பொருள் மாறலாமா என்று தோன்றும். ஐரோப்பிய அறிஞர்களுக்கும் நெடுங்காலம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தத் தீவுக்காரர்களின் கணக்கை ஒரு தடவை நாமே போட்டுப் பார்த்தால், எழுத்தே இல்லாமல் பெரிய கூட்டல்களை மனத்திலேயே முடிப்பதற்கு ஏற்ற ஒரு கருவியை அவர்கள் உருவாக்கி வைத்திருந்தது புரியும். அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இடம். தென் பசிபிக்கில், தாஹித்தியிலிருந்து தென்கிழக்கே 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால், காம்பியர் தீவுகள் என்ற ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. ஒரே பவளப்பாறை வளையத்துக்குள் பல தீவுகள். அவற்றில் பெரியது மங்கரேவா. பெரியது என்றாலும் பரப்பு சுமார் 15 சதுர கிலோமீட்டர்தான். உச்சி டஃப் மலை, 441 மீட்டர். 1797இல் அவ்வழியே வந்த 'டஃப்' என்ற ஆங்கிலேயக் கப்பலின் பெயர் அந்த மலைக்கு ஒட்டிக்கொண்டது. இன்று இது பிரெஞ்சுப் பொலினீசியாவின் பகுதி. ரிக்கிட்டேயா என்ற ஊர் தலைமையிடம், கறுப்பு முத்து வளர்ப்பு முக்கியத் தொழில். தீவின் சொந்த மொழியைப் பேசுவோர் சில நூறு பேர்தான்.

அந்த மொழி ஆஸ்ட்ரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. தைவானில் கிளைத்து, மேற்கே மடகாஸ்கர் முதல் கிழக்கே ஈஸ்டர் தீவு வரை கடல்வழியே பரவிய குடும்பம் அது. மலாய் அதில் ஒன்று என்பதால் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழருக்கு மங்கரேவா எண்கள் முற்றிலும் அந்நியமாக இருக்காது. ஒன்று முதல் ஒன்பது வரை: தஹி, ருவா, தோரு, ஹா, ரிமா, ஓனோ, ஹித்து, வரு, இவா. சந்தையில் 'டுவா', 'லீமா' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு ருவாவும் ரிமாவும் உடனே பிடிபடும். மலாயில் ஏழு, எட்டு, ஒன்பதுக்கான சொற்கள் மாறிவிட்டன. ஆனால் இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில், மடகாஸ்கரின் மலகாசி மொழியில் அவை ஃபித்து, வலு, சிவி. மங்கரேவாவின் ஹித்து, வரு, இவாவோடு அவற்றைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். இந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே உலகத்தின் பாதிச் சுற்றளவு கிடக்கிறது.

இந்தச் சொற்களைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மங்கரேவாவுக்குக் குடியேறிய மக்கள் எண்ணத் தெரியாதவர்களாக வரவில்லை. பத்தடிமான எண்முறை ஒன்று அவர்களின் முன்னோர் மொழியிலேயே முழுமையாக இருந்தது. எந்தப் பொருளுக்கும் பொதுவாகப் பயன்பட்ட அந்த முறை மங்கரேவாவிலும் நிலைத்தது. நாம் பார்க்கப் போவது அதற்குப் பக்கத்திலேயே, சில குறிப்பிட்ட பொருள்களுக்காக அவர்கள் தாங்களே கட்டிக்கொண்ட இரண்டாவது முறை.

அதன் அடிப்படை 'தவுங்கா' என்ற அலகு. ஒரு தவுங்கா என்பது எண்ணும்போது ஒரு தடவைக்கு எடுத்து வைக்கும் தொகுதி. பொருளைப் பொறுத்து அது 1, 2, 4 அல்லது 8 உருப்படியாக இருக்கும். கருவிகள், கரும்பு, தாழை, சீமைப்பலா, ஆக்டோபஸ் ஆகியவை இப்படித் தொகுதியாக எண்ணப்பட்டவை. சீமைப்பலா என்றால் இலங்கைத் தமிழர் ஈரப்பலா என்கிறார்களே, அதுதான். ஆக்டோபஸை நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள்.

ஒன்பது தவுங்கா வரைக்கும் தஹி முதல் இவா வரையுள்ள அதே சாதாரண எண்கள்தான். பத்து தவுங்கா சேர்ந்தால் ஒரு தக்காவு. பொதுமுறையானால் இதன் பிறகு இரண்டு பத்து, மூன்று பத்து என்று ஏறிக்கொண்டு போகும். இந்த முறையில் அந்த ஏணி கிடையாது. இரண்டு தக்காவு சேர்ந்தால் ஒரு 'பவுவா', அதாவது 20 தவுங்கா. இரண்டு பவுவா சேர்ந்தால் ஒரு 'தத்தவுவா', 40 தவுங்கா. இரண்டு தத்தவுவா சேர்ந்தால் ஒரு 'வரு', 80 தவுங்கா. எட்டுக்கு இருந்த அதே சொல்தான் இங்கே எண்பதுக்கும்.

10, 20, 40, 80. ஒவ்வொரு படியும் முந்தையதன் இரட்டிப்பு. இந்த நான்கு சொற்களையும் வைத்துக்கொண்டு இடையிலுள்ள எந்தப் பத்தையும் சொல்லிவிடலாம். 30 வேண்டுமா? பவுவா, தக்காவு. 50 என்றால் தத்தவுவா, தக்காவு. 60 என்றால் தத்தவுவா, பவுவா. 70 என்றால் தத்தவுவா, பவுவா, தக்காவு மூன்றும். கவனிக்க வேண்டியது, தக்காவு, பவுவா, தத்தவுவா ஆகிய மூன்றும் ஓர் எண்ணில் ஒரு தடவைக்கு மேல் வருவதில்லை. ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. கணிப்பொறிக்குள் ஓடும் இரும எண்முறையின் 1, 0 என்ற தத்துவமும் இதேதான்.

இனி ஒரு கணக்கு. எண்கள் நான் வைத்தவை, வழி அவர்களுடையது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து 57 தவுங்கா சீமைப்பலா வருகிறது, இன்னொன்றிலிருந்து 74. பழுத்த பலா, ஆகவே ஒரு தவுங்காவுக்கு நான்கு. மொத்தம் எவ்வளவு?

57 என்பது தத்தவுவா, தக்காவு, ஹித்து: 40, 10, 7. 74 என்பது தத்தவுவா, பவுவா, தக்காவு, ஹா: 40, 20, 10, 4. கீழிருந்து தொடங்குவோம். ஹித்துவும் ஹாவும், 7ம் 4ம், சேர்ந்தால் 11. அதில் ஒரு தஹி நிற்கும், ஒரு தக்காவு மேலே போகும். ஏற்கெனவே இரண்டு தக்காவு இருக்கிறது, இதோடு மூன்று. இரண்டு தக்காவு கூடி ஒரு பவுவாவாகும், ஒன்று நிற்கும். இப்போது பவுவா இரண்டு. அவை கூடி ஒரு தத்தவுவாவாகும், பவுவா மிச்சமில்லை. தத்தவுவா ஏற்கெனவே இரண்டு, வந்தது ஒன்று, ஆக மூன்று. இரண்டு கூடி ஒரு வரு, ஒன்று நிற்கும். விடை: வரு, தத்தவுவா, தக்காவு, தஹி. 80, 40, 10, 1. கூட்டினால் 131.

131 தவுங்கா என்றால் 524 பலா. ஆனால் 524 என்ற எண் இந்தக் கணக்கில் எங்குமே தலைகாட்டவில்லை என்பதைப் பாருங்கள். ஐந்நூறு பழத்தை ஒருவர் கையாண்டிருக்கிறார்; அவர் நாவில் வந்த சொற்கள் நான்குதான்.

ஒன்றுகளைக் கூட்டுவது நாம் கூட்டுவது மாதிரியேதான். அதில் சலுகை இல்லை. அதற்கு மேலே போனதும்தான் வேலை எளிதாகிறது. பத்தடிமானத்தில் பத்துகளின் இடத்துக்குப் போனால் அங்கேயும் ஐந்தும் ஏழும் பன்னிரண்டு, கையில் ஒன்று என்று மறுபடி ஒரு கூட்டல். மங்கரேவாவில் அந்த இடத்தில் கேள்வி ஒன்றே ஒன்று: இந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறதா? இல்லையென்றால் வைத்துக்கொள், இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த சொல்லைச் சொல். இரண்டு தக்காவு ஒரு பவுவா, இரண்டு பவுவா ஒரு தத்தவுவா, இரண்டு தத்தவுவா ஒரு வரு: மூன்றே விதி. காகிதம், ஓலை, கல் என்று எதிலும் எண்ணை எழுதி வைக்காத ஒரு சமூகத்தில், பாதிக் கணக்கை மனத்தில் தாங்கிக்கொண்டு மீதிக் கணக்கைப் போடுகிறவருக்கு இந்தச் சுமைக்குறைவு சாதாரணமானதல்ல.

இரட்டிப்பதைப் பார்த்தால் இன்னும் அழகு. 57ஐ இரட்டிக்க வேண்டும். தத்தவுவா வருவாகிறது. தக்காவு பவுவாவாகிறது. ஹித்து இரண்டு தடவை பதினான்கு, அது தக்காவு, ஹா. விடை: வரு, பவுவா, தக்காவு, ஹா. 80, 20, 10, 4, அதாவது 114. பத்துகளைப் பொறுத்தவரை இரட்டிப்பதென்பது ஒவ்வொரு சொல்லுக்கும் பதிலாக அடுத்த சொல்லைச் சொல்வதுதான். சரிபாதியாகப் பிரிப்பதற்கு ஒரு சொல் கீழே இறங்கினால் போதும்.

தவுங்காவின் அளவுகள் 1, 2, 4, 8 என்று இருந்ததும் இங்கேதான் அர்த்தப்படுகிறது. அவையும் இரட்டிப்புகளே. எட்டெட்டாக எண்ணிய பலாவில் ஒரு தத்தவுவா 320 காய். நான்கு நான்காக எண்ணினால் ஒரு வருவும் அதே 320. ஓர் அளவில் எண்ணிய குவியலை இன்னோர் அளவுக்கு மாற்றுவதற்குப் பெருக்கல் வாய்பாடே வேண்டாம், படி மாறினால் போதும். அலகும் இரட்டிப்பில் ஏறுகிறது, எண்ணும் இரட்டிப்பில் ஏறுகிறது, ஒன்று இன்னொன்றோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தப் பொருத்தம்தான் எனக்கு இம்முறையில் மிகவும் பிடித்த இடம்.

சரி, அப்படியானால் ஏன் ஒன்றிலிருந்தே இரட்டிப்பைத் தொடங்கவில்லை என்று கேட்கலாம். முழு இரும முறையில் 131ஐ எழுதினால் 10000011 என்று எட்டு இடம் பிடிக்கும். கணிப்பொறிக்கு அது பொருட்டல்ல. மனித நினைவுக்கு அவ்வளவு நீளம் ஆகாது. அடியில் ஒன்பது எண்களை அப்படியே விட்டுவிட்டு, எங்கே சுமை ஏறுகிறதோ அங்கே மட்டும் இரட்டிப்பைப் புகுத்தியதால் சொல்லும் சுருங்கியது, கூட்டலும் எளிதானது. பத்தடிமானத்தின் சுருக்கமும் இருமத்தின் எளிமையும் ஒரே முறையில் கிடைத்தன.

இவ்வளவு பெரிய எண்கள் ஒரு குட்டித் தீவுக்கு எதற்கு? பதில் அந்தச் சமூகத்தின் அமைப்பில் இருக்கிறது. மங்கரேவா உயர்வு தாழ்வு மிகுந்த சமூகம். உச்சியில் 'அக்காரிக்கி' எனப்பட்ட தலைவர், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே உழைப்பவர்கள். விளைச்சலிலும் மீன்பாட்டிலும் திறை மேலே போக வேண்டும். விருந்துகளில் அது மறுபடி பங்கிடப்பட வேண்டும். சீமைப்பலா அவர்களின் உயிர்நாடி. பருவத்தில் குவியும் காயைக் குழியில் இட்டுப் புளிக்கவைத்து, காய்ப்பு இல்லாத மாதங்களுக்குச் சேமித்தார்கள். இதோடு தீவுகளுக்கிடையே வணிகமும் இருந்தது. மங்கரேவா, பிட்கெய்ர்ன், ஹெண்டர்சன் தீவுகளுக்கிடையே கல்லும் முத்துச்சிப்பியும் படகில் போய்வந்ததைத் தொல்லியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நூற்றுக்கணக்கில் பொருள் கைமாறும் இடத்தில் எண்ணுபவர் தப்பினால் வம்பு. எல்லாப் பொருளுக்கும் இந்த முறையைப் பயன்படுத்தாமல், அடிக்கடி கைமாறும், மதிப்புள்ள பொருள்களுக்கு மட்டும் பயன்படுத்தியதற்கும் இதுவே காரணம்.

பொருளுக்கேற்ப எண்ணுவது மங்கரேவாவுக்கு மட்டும் உரியதல்ல. தொங்காவில் தேங்காயையும் வள்ளிக்கிழங்கையும் சோடியாக எண்ணினார்கள். ஹவாயில் நான்கு ஒரு 'கவுனா', நாற்பது ஒரு 'காஆவ்', நானூறு ஒரு 'லாவ்', நாலாயிரம் ஒரு 'மனோ'. நான்கில் தொடங்கிப் பத்தால் பெருகும் முறை. மீனவன் ஒரு கையின் விரலிடுக்குகளில் நான்கு மீனின் வாலைச் செருகிப் பிடிப்பான், அதனால்தான் நான்கு என்று அதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. ஃபிஜியில் குறிப்பிட்ட எண்ணிக்கைப் படகுகளுக்கு 'போலா' என்றும் தேங்காய்களுக்கு 'கோரோ' என்றும் தனிப்பெயர். ஆனால் 10, 20, 40, 80 என்று மூன்று இரட்டிப்புப் படிகளை அடுக்கியது மங்கரேவா மட்டும்தான்.

இத்தகைய சொற்களைப் பார்த்த பழைய அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஐந்து படகுக்கும் ஐந்து தேங்காய்க்கும் பொதுவானது ஐந்து என்ற எண் என்று உணர்வதற்கு முந்தைய கட்டத்தில் நிற்பவர்களே இப்படி எண்ணுவார்கள். மனித குலம் பொருளிலிருந்து எண்ணைப் பிரித்தெடுக்கக் கற்றுக்கொண்ட பயணத்தில் இவர்கள் பின்தங்கியவர்கள் என்பது அந்த முடிவு. கணித வரலாற்று நூல்கள் பலவற்றில் இது திரும்பத் திரும்ப எழுதப்பட்டது.

ஆந்திரேயா பெண்டர், சீக்ஹார்ட் பெல்லர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2008இல் 'சயன்ஸ்' இதழில் இந்தக் கதையைத் திருப்பிப் போட்டார்கள். அவர்கள் வாதம் எளிமையானது. ஓசியானிய மொழிகளின் மூதாய் மொழியிலேயே எதற்கும் பொருந்தும் பத்தடிமான எண்கள் இருந்தன என்பது ஒப்பியல் மொழியியலில் உறுதியான செய்தி. ஆகவே பொருளுக்கேற்ற முறைகள் பழைய எச்சமாக இருக்க முடியாது; பொது எண் கையில் இருந்தவர்கள் பின்னால் தேவை கருதிச் செய்துகொண்டவையாகத்தான் இருக்க வேண்டும். அதே இருவர் 2014இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் மங்கரேவாவின் இரட்டிப்புப் படிகளை விரிவாக ஆராய்ந்து, அது கணக்கீட்டை எப்படி எளிதாக்குகிறது என்று காட்டினார்கள். கூட்டலை நான் மேலே விளக்கியதற்குப் பின்னால் நிற்பது அந்தக் கட்டுரைதான்.

அந்தக் கட்டுரை வெளிவந்தபோது லைப்னிட்ஸின் பெயர் அதிகம் அடிபட்டது. இரும எண்களால் கணக்குப் போடும் முறையை ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703இல் விளக்கி எழுதினார்; மங்கரேவாக்காரர்கள் அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, ஏறக்குறைய 1450க்கும் முன்பே, இருமப் படிகளைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இதை ஒரு போட்டியாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. லைப்னிட்ஸ் செய்தது எல்லா எண்களையும் இரண்டே குறிகளால் எழுதி, அதற்கான விதிகளை வகுத்தது. மங்கரேவாவில் நடந்தது வேறு. எழுத்தும் குறியும் இல்லாத இடத்தில், வாயால் சொல்லும் எண்களுக்குள்ளேயே இருமத்தின் ஆதாயத்தைக் கொண்டுவந்தது. யார் முந்தி என்பதைவிட, குறியீடு இல்லாமலும் இது கைகூடும் என்பதுதான் பெரிய செய்தி. எழுதத் தெரிந்தால்தான் கணக்கில் முன்னேற முடியும் என்ற நம்பிக்கை நமக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

இந்த முறை எப்படி நமக்குத் தெரியவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1834இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் மங்கரேவாவுக்கு வந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் தலைவர் மப்புத்தேயோவா ஞானஸ்நானம் பெற்றார். கோயில்கள் இடிந்தன, ரிக்கிட்டேயாவில் பெரிய தேவாலயம் எழுந்தது, நோய்களால் மக்கள்தொகை சரிந்தது. அந்தப் பாதிரிமார்களில் ஒருவரான ஒனோரே லாவல்தான் முதியோர்களிடம் கேட்டுப் பழைய வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தவரும். அந்த நூல் அச்சேறியது 1938இல். அதே ஆண்டு தே ரங்கி ஹிரோவா எழுதிய மங்கரேவா இனவரைவியல் நூலும் வெளிவந்தது. அவர் நியூசிலாந்தின் மவோரி மருத்துவர். பிறகு மானிடவியலாளராகி ஹவாயின் பிஷப் அருங்காட்சியகத்துக்குத் தலைமை தாங்கியவர். 1934இல் அவர் மங்கரேவாவுக்கு நேரில் போயிருந்தார். பொலினீசிய உறவு மொழி ஒன்றைத் தாய்வழியாகப் பெற்ற ஒருவரின் காதால் கேட்டு எழுதப்பட்ட பதிவு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அவர் போன காலத்திலேயே திறை வசூலும் பெருவிருந்தும் பழங்கதையாகிவிட்டன. திறை நின்றதும் தவுங்காவுக்கு வேலை நின்றது. பள்ளியும் கடையும் பிரெஞ்சுப் பத்தடிமானத்தைக் கொண்டுவந்தன. பக்கத்திலிருந்து தாஹித்தி மொழியின் செல்வாக்கும் அழுத்தியது. பவுவாவும் தத்தவுவாவும் இன்று புழக்கத்தில் இல்லை. லாவலும் தே ரங்கி ஹிரோவாவும் எழுதி வைத்த சில பக்கங்களிலிருந்துதான் ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை மீட்டுக் கட்டினார்கள்.